லீவு போட்டுப் பாலைவனம் போனவர்கள்

சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் போனது லிஃப்ட் பராமரிப்புக்கோ தண்ணீர் லாரிக்கோ அல்ல, புல்லட்டுக்கு. நம் சி பிளாக் பிள்ளைகளும் அவர்களுடைய நண்பர்களுமாக ஒன்பது பேர், அதில் இரண்டு பெண்கள், சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு வண்டியை ஸ்டார்ட் செய்கிறார்கள், தூக்கம் போகிறது என்று புகார். புகார் நியாயமானதுதான். எனக்கும் தூக்கம் போகிறது. ஆனால் பேச்சு அத்தோடு நிற்கவில்லை. ஜனவரியில் வரும் நீண்ட வார இறுதிக்கு அவர்கள் வண்டிகளை ரயிலில் பார்சல் போட்டு ராஜஸ்தான் கொண்டுபோய், ஜெய்சல்மேர் பக்கத்து மணலில் மூன்று நாள் ஓட்டி, கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்கள் என்ற செய்தி அங்கே வெளிப்பட்டது. "வேலை வெட்டி இல்லாத கூத்து" என்றார் ஒரு மூத்த உறுப்பினர். கைதட்டலும் விழுந்தது.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அந்தக் குழுவில் ஒரு பையனின் அம்மா என்னை நிறுத்தினார். "அண்ணே, நீங்க நிறைய படிக்கிறவரு. இது ஆபத்தா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். வங்கியில் கவுன்டருக்குப் பின்னால் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்தவனுக்குப் பாலைவனத்தைப் பற்றி என்ன தெரியும்? படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். படித்ததில் ஒரு விஷயம் என்னை நிமிர வைத்தது. மணலில் வண்டி ஓட்டும் வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல மாதச் சம்பளக்காரர்கள். லீவு போட்டு, சொந்தக் காசில் போனவர்கள். அவர்களைக் காப்பாற்றியது வீரத்தைவிட அதிகமாக, கணக்கு.

முதல் பெயர் ரால்ஃப் பேக்னால்ட். 1896-இல் பிறந்த ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் ராணுவப் பொறியாளராக இருந்து, பிறகு சிக்னல் பிரிவுக்கு மாறியவர். 1926-இல் எகிப்துக்கு மாற்றலாகி வந்தார். கெய்ரோவில் மற்ற அதிகாரிகள் போலோ, டென்னிஸ் என்று மாலையைக் கழிக்க, இவரும் சில நண்பர்களும் பழைய மாடல் டி ஃபோர்டு கார்களை வாங்கி, அவசியமில்லாத தகடுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, சாலை முடிகிற இடத்துக்கு அப்பால் ஓட்டத் தொடங்கினார்கள். முதலில் சினாய், பிறகு மேற்கே சிவா பாலைவனச்சோலை, பிறகு அதற்கும் அப்பால். லிபியப் பாலைவனம் ஏறக்குறைய இந்தியா அளவு. அதில் பெரும்பகுதிக்கு அன்று வரைபடமே கிடையாது. எகிப்து, லிபியா எல்லையில் பெருமணற்கடல் என்று ஒரு பகுதி உண்டு. நூறு மீட்டர் உயரத்துக்கு மணல் மலைகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒட்டகம் திணறும் அந்த இடத்தில் கார் போகவே முடியாது என்பதுதான் அன்றைய பொதுக்கருத்து. 1930-இல் பேக்னால்டின் குழு மாடல் ஏ ஃபோர்டுகளில் அதற்குள் நுழைந்து போய்க் காட்டியது.

எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்று நம் பிள்ளைகள் செய்வதில் பாதி அங்கிருந்து வந்தது.

முதல் சிக்கல், திசை. இரும்புக் காருக்குள் காந்த முள் ஒழுங்காகக் காட்டாது. ஒவ்வொரு முறையும் இறங்கி, பத்தடி நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். பேக்னால்ட் ஒரு வட்டத் தட்டில் 360 பாகை குறித்து, நடுவில் ஒரு ஊசியைச் செங்குத்தாக நிறுத்தி, காரின் முன்னால் பொருத்தினார். ஊசியின் நிழல் எந்தக் குறியில் விழ வேண்டும் என்பதை மணிக்கு மணி அட்டவணை பார்த்துத் திருப்பிக்கொண்டே போனால் திசை பிசகாது. கோயில் பிராகாரத்தில் நிழற்கடிகாரம் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். அங்கே திசை நிலையாக இருக்க, நேரத்தைப் படிக்கிறோம். இங்கே நேரம் தெரியும், திசையைப் படிக்கிறார்கள்.

இரண்டாவது, தண்ணீர். மனிதன் குடிப்பது போக, அந்தக் கால எஞ்சினும் குடிக்கும். ரேடியேட்டர் கொதித்து ஆவியாகப் போகும் தண்ணீரை ஒரு குழாய் வழியாகப் பக்கத்தில் கட்டிய, பாதி நீர் நிரம்பிய டப்பாவுக்குள் விட்டார்கள். ஆவி அங்கே குளிர்ந்து நீராகும். எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் அந்த நீரை அப்படியே திரும்ப இழுத்துக்கொள்ளும். ஒரு சொட்டும் வீணாகாது. இதற்கு முழுப் பெருமையும் பேக்னால்டுக்குச் சேராது. முதல் உலகப் போரில் அதே பாலைவனத்தில் ஃபோர்டு கார்களில் ரோந்து போன படைப்பிரிவுகள் இதுபோன்ற ஏற்பாட்டை முன்பே செய்திருந்தன. இவர் அதைச் சீராக்கினார்.

மூன்றாவது, மணலில் புதைவது. டயரில் காற்றைக் குறைத்தால் டயர் பரந்து உட்கார்ந்து மணலில் மிதக்கும். இன்றைக்கு எந்த ஆஃப் ரோடு குழுவும் மணலைக் கண்டதும் முதலில் செய்வது இதைத்தான். அப்படியும் புதைந்தால், சக்கரத்துக்கு அடியில் நீளமான இரும்புத் தகட்டை நுழைத்து அதன் மேல் ஏற்றி வெளியே எடுப்பது. அந்தத் தகடுகளை பேக்னால்ட் கெய்ரோவில் ஒரு பழைய இரும்புக் கடையில் கண்டெடுத்தார். போர்க்காலப் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடுவதற்காகச் செய்யப்பட்டவை அவை. நம்மூர்க் காயலான் கடைகளை நினைத்துக்கொண்டேன்.

இனி கணக்கு. கார் தன் பெட்ரோலைத் தானே சுமக்க வேண்டும். சுமை கூடினால் அதைச் சுமக்கவே பெட்ரோல் செலவாகும். வட்டிக்கு வட்டி போல இது ஒரு கட்டத்தில் ஆளை விழுங்கிவிடும். ஆகவே முன்கூட்டியே ஒரு நடை போய், வழியில் குறித்த இடத்தில் பெட்ரோலும் தண்ணீரும் இறக்கி வைத்துவிட்டுத் திரும்புவார்கள். நிஜப் பயணத்தில் அதை எடுத்துக்கொள்வார்கள். டெபாசிட் போட்டு வைத்துத் தேவைப்படும்போது எடுப்பதுதான். அன்றைய பெட்ரோல் டின்கள் மெல்லிய தகரம், வழியிலேயே ஒழுகும். அந்தச் சேதாரத்தையும் கணக்கில் கழித்தாக வேண்டும். ஒற்றைக் காரில் போவதில்லை என்பது கட்டாயம். ஒன்று நின்றுபோனால் மற்றவற்றில் ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்ப இடம் இருக்க வேண்டும் அல்லவா.

1930-இல் நைல் நதிக்கரையில் வாடி ஹல்ஃபா என்ற ஊரில் இந்தக் கூட்டம் தங்களுக்கு ஒரு சங்கம் வைத்துக்கொண்டது. ஸெர்ஸூரா கிளப் என்று பெயர். ஸெர்ஸூரா என்பது அரபுக் கதைகளில் வரும் தொலைந்துபோன சோலை. யாரும் கண்டதில்லை. அதைத் தேடியவர்கள் எல்லோரும் உறுப்பினர். நம் சங்கத்தைவிட விதிமுறைகள் குறைவு என்று நினைக்கிறேன். அந்தத் தேடலில் இருந்தவர்களில் ஒருவர்தான் ஹங்கேரிக்காரர் அல்மாசி. 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' படத்தின் நாயகன் அவரை வைத்துப் புனையப்பட்ட பாத்திரம்.

இத்தோடு நின்றிருந்தால் நம் மூத்த உறுப்பினர் சொன்னது போல வெறும் கூத்து என்று விட்டுவிடலாம். ஆனால் 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. லிபியா இத்தாலியின் கையில், எகிப்து ஆங்கிலேயர் கையில். நடுவில் இருந்த மணலை அறிந்தவர்கள் ஆங்கிலேய ராணுவம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய இந்த லீவுக்காரர்கள்தான். ஏற்கெனவே ஓய்வுபெற்றுப் போருக்காகத் திரும்ப அழைக்கப்பட்டிருந்த பேக்னால்ட், தளபதி வேவலிடம் ஒரு திட்டத்தை வைத்தார். பின்னாளில் நமக்கு வைஸ்ராயாக வந்த அதே வேவல்தான். ஆறு வாரத்தில் தயாராக முடியுமா என்று கேட்டு அனுமதி கொடுத்தார். பேக்னால்ட் பழைய நண்பர்களை எங்கெங்கிருந்தோ வரவழைத்தார். செவர்லே லாரிகளைத் திரட்டினார். நியூசிலாந்து வீரர்களில் விருப்பம் தெரிவித்தவர்களைச் சேர்த்துக்கொண்டார். நீள்தூரப் பாலைவனப் படை என்ற அந்தச் சிறு படை, எதிரி எதிர்பார்க்காத தெற்குப் பக்கத்திலிருந்து வந்து தாக்கியது, வழி காட்டியது, வேவு பார்த்தது.

அதன் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1942-இல் நடந்த சாலைக் கண்காணிப்பு. எதிரியின் கடற்கரை நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, போகிற வருகிற ஒவ்வொரு லாரியையும் டாங்கியையும் எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். மறுநாள் வேறு இருவர். இப்படி மாதக்கணக்கில், ஒரு நாள் விடாமல். ரோமல் படைக்கு எவ்வளவு சரக்கு வருகிறது என்பதை ஆங்கிலேயத் தலைமையகம் இந்தக் குறிப்பேட்டில் இருந்து அறிந்தது. துப்பாக்கி சுட்டதைவிட இந்த டே புக் எழுதியதுதான் பெரிய உதவி என்று சொல்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி. 1942-இல் இந்தியக் குதிரைப்படைப் பிரிவுகளிலிருந்து எடுத்த வீரர்களைக் கொண்ட இந்திய நீள்தூரப் படைப்பிரிவும் இவர்களோடு இணைந்து பணியாற்றியது. ஜாட், ராஜபுத்திர, சீக்கிய, முஸ்லிம் வீரர்கள் அதில் இருந்தார்கள். நம் பாடப்புத்தகங்களில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் நான் பார்த்ததில்லை.

அந்த அம்மாவிடம் மறைக்க முடியாத பக்கமும் இருக்கிறது. 1941 ஜனவரி 31 அன்று, லிபியாவின் தென்கிழக்கில் கெபல் ஷெரிஃப் என்ற குன்றுப் பகுதியில் இந்தப் படையின் ஒரு பிரிவை இத்தாலியர்கள் விமானங்களோடு வந்து தாக்கினார்கள். தலைவர் கிளேட்டன் பிடிபட்டார். நான்கு பேர் பாறை இடுக்கில் ஒளிந்து தப்பினார்கள். மூர், ஈஸ்டன், வின்செஸ்டர், டை. லாரி எரிந்துவிட்டது. கையில் இருந்தது இரண்டு காலனுக்கும் குறைவான தண்ணீர் உள்ள ஒரு டின். சரணடைவதில்லை என்று முடிவு செய்து, தங்கள் வண்டிகளின் பழைய சக்கரத் தடத்தைப் பிடித்துத் தெற்கே நடந்தார்கள். மூருக்குக் காலில் காயம், ஈஸ்டனுக்குத் தொண்டையில். பத்து நாளில் மூர் நடந்தது சுமார் 210 மைல். வழியில் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். கடைசியில் நால்வரையும் பிரெஞ்சுக்காரர்கள் உயிரோடு கண்டெடுத்தார்கள். ஆனால் ஈஸ்டன் பிழைக்கவில்லை. நான்கு பேர், பத்து நாள், ஒன்பது லிட்டருக்கும் குறைவு. வகுத்துப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை, புல்லட் சத்தம் இல்லாமலேயே.

இனி நம் திருவொற்றியூருக்கு வருகிறேன். பேக்னால்ட் நான்கு சக்கரத்தில் போனார். நம் பிள்ளைகள் போவது இரண்டு சக்கரத்தில். அந்த வண்டியின் கதை நம் வீட்டு வாசலில் நடந்த கதை.

புல்லட் என்ற பெயர் இங்கிலாந்தின் ரெடிச் நகரில் 1930-களிலேயே வந்துவிட்டது. ஆனால் நமக்குத் தெரிந்த புல்லட் போருக்குப் பிறகு உருவானது. அதன் புதுமை பின்சக்கரத்தில் இருந்தது. அதுவரை பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாகப் பிணைந்திருக்கும். மேடு பள்ளத்தில் ஓட்டுகிறவன் முதுகுதான் ஸ்பிரிங். புல்லட்டில் பின்சக்கரம் ஒரு கீல் முட்டில் மேலும் கீழும் ஆடும்படி வைத்து, ஷாக் அப்சார்பர் பொருத்தினார்கள். அது சோதிக்கப்பட்டதும் சாலையில் அல்ல. 1948-இல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டி, மலைப்பாதையிலும் கரடுமுரடிலும் ஓட்டும் போட்டி. அதில் வென்ற பிரிட்டன் அணியில் இரண்டு புல்லட்டுகள் ஓடின, இரண்டுக்கும் தங்கப் பதக்கம். ஆக, புல்லட் பிறவியிலேயே ஆஃப் ரோடு வண்டிதான். தாலி கட்டிய கையோடு மாமனார் வாங்கித் தரும் வண்டியாக நாம்தான் பின்னாளில் ஆக்கிவிட்டோம்.

சுதந்திர இந்தியாவுக்குப் புதிதாக ஒரு மேற்கு எல்லை வந்தது. அதில் நீண்ட பகுதி தார் பாலைவனம். ரோந்துக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று 1950-களின் தொடக்கத்தில் ராணுவம் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. முதல் ஆர்டர் சில நூறு வண்டிகள்தான். அதுவே போதுமானதாக இருந்தது. 1955-இல் ரெடிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1960-களின் தொடக்கத்துக்குள் எல்லா பாகங்களும் இங்கேயே வந்துவிட்டன. 1971-இல் இங்கிலாந்துக் கம்பெனி முற்றிலும் மூடப்பட்டது. திருவொற்றியூர் நிற்கவில்லை. இந்த மணல்மேட்டு ஊர் இல்லையென்றால் புல்லட் இன்று அருங்காட்சியகப் பொருள்.

என் சிறு வயதில் எங்கள் தெருவில் என்ஃபீல்டுக்கு வேலைக்குப் போனவர்கள் பலர். மாலை ஷிப்ட் விடும்போது காக்கிச் சட்டையும் டிபன் கேரியருமாக ரோடு நிறைந்துவிடும். டாங்க்கின் மேல் அந்தத் தங்க நிறக் கோட்டைப் பிரஷ்ஷால் கையிலேயே ஒரே மூச்சில் இழுப்பார்கள். ஸ்கேல் கிடையாது. ரோபோவும் கம்ப்யூட்டரும் வந்த பிறகும் அந்த வேலை கையில்தான் நடந்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் அங்கே ஃபிட்டர். மெட்ராஸைத் தாண்டிப் போனதில்லை, திருப்பதியைத் தவிர. ஆனால் ராஜஸ்தானில் மணல் புகுந்தால் எந்த பேரிங் முதலில் போகும் என்று விரல் நுனியில் சொல்வார்.

தார் பாலைவனத்துக்கும் ஒரு பேக்னால்ட் பரம்பரை உண்டு. 1971 டிசம்பர் போரில் ஜெய்ப்பூர் மகாராஜா பவானி சிங் தலைமையில் 10ஆவது பாராசூட் கமாண்டோ பிரிவு ஜீப்புகளில் இரவோடு இரவாக எல்லை தாண்டி, மணலுக்குள் வெகுதூரம் போய், சிந்து மாகாணத்தின் சாச்ரோவைப் பிடித்தது. பவானி சிங்குக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. முறை அதே முறை. எதிர்பார்க்காத பக்கம், சொந்த எரிபொருள், சொந்தத் தண்ணீர்.

பிறகு போர் போய்ப் பந்தயம் வந்தது. 1977-இல் ஒரு பந்தயத்தில் லிபியப் பாலைவனத்தில் வழிதவறிச் சாகக் கிடந்து மீண்ட பிரெஞ்சுக்காரர் தியரி சபீன், மறு வருடமே பாரிஸிலிருந்து டாக்கருக்கு ஒரு பந்தயத்தைத் தொடங்கினார். பட்டும் திருந்தாத மனிதர். 2015-இல் பெங்களூரு சி.எஸ்.சந்தோஷ் அதை முழுமையாக ஓட்டி முடித்த முதல் இந்தியர் ஆனார். 2021-இல் சவூதி மணலில் விழுந்து கோமா வரை போய்த் திரும்பினார். 2024-இல் கேரளத்து ஹரித் நோவா ஒட்டுமொத்தத்தில் 11ஆவது இடம் பிடித்தார்.

பேக்னால்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. மணல்மேட்டின் வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்வி அந்த லீவுப் பயணங்களில் அவருக்குள் புகுந்தது. லண்டன் திரும்பி, சொந்தமாக ஒரு காற்றுக்குகை அமைத்து, மணலைப் பறக்கவிட்டு அளந்தார். 1941-இல் வெளிவந்த அவரது புத்தகம் இன்றும் அந்தத் துறையின் அடிப்படை நூல். செவ்வாய்க் கிரகத்தில் கியூரியாசிட்டி ஊர்தி ஆராய்ந்த மணல்மேடுகளுக்கு நாசா அவர் பெயரை வைத்தது. பின்னாளில் அவர் நீரில் மணல் எப்படி நகர்கிறது என்பதை ஆராய்ந்தார்.

நீரில் நகரும் மணல் நமக்குப் புதிதல்ல. நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது. 1876-இல் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கியதும் அந்தப் போக்கு தடைபட்டது. தெற்கே மணல் தேங்கித் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் உள்ளே வந்தது. என் அம்மா காலத்தில் கருவாடு காயப்போட்ட கரை இன்று கற்சுவருக்கும் தூண்டில் வளைவுக்கும் அப்பால் தண்ணீருக்குள் இருக்கிறது. மணலைப் பார்க்க நம் பிள்ளைகள் ஜெய்சல்மேர் போக வேண்டியிருப்பதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு.

சரி, அந்த அம்மாவின் கேள்வி. பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுத்து, "தண்ணி எவ்வளவு எடுத்துட்டுப் போறீங்க?" என்று கேட்டேன். "ஆளுக்கு ரெண்டு பாட்டில் அங்கிள், அப்புறம் வழியில வாங்கிக்கலாம்" என்றார்கள். மணலில் எந்தக் கடை? பேப்பர் எடுத்துப் போட்டுக் காட்டினேன். குடிக்க, சமைக்க, கைகழுவ ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். ஒன்பது பேர், மூன்று நாள், 135 லிட்டர். ஒரு நாள் தாமதமானால் என்று இன்னொரு 45. ஆக 180 லிட்டர், அதாவது 180 கிலோ. இதை மோட்டார் சைக்கிளில் கட்ட முடியாது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பெண்களில் ஒருத்தி போனை எடுத்து, ஜெய்சல்மேரில் டிரைவரோடு ஒரு ஜீப் வாடகைக்குக் கேட்டு அங்கேயே பேசி முடித்தாள். செலவு ஒன்பதாகப் பிரிந்தது. தண்ணீர், பெட்ரோல், மருந்து, யார் பின்னால் யார் என்று நான்கு பத்தி போட்டு ஒரு நோட்டும் கொடுத்திருக்கிறேன். தினமும் மாலை கூடாரம் போட்டதும் எழுத வேண்டும். கையெழுத்தும் போட வேண்டும்.

அந்த அம்மாவிடம், ஆபத்து உண்டு, ஆனால் 180 லிட்டரும் ஒரு ஜீப்பும் இருக்கிறது என்று சொன்னேன். முழுவதும் சமாதானமாகவில்லை. எனக்கும் அப்படித்தான்.

உறுப்பினர்கள் கவனத்துக்கு: வண்டிகள் ரயில் ஏற வேண்டிய நாளில் பிள்ளைகள் காலை நாலரைக்குக் கிளம்புகிறார்கள். கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு புல்லட் ஏறக்குறைய 190 கிலோ. ஸ்பீடு பிரேக்கரில் தள்ளிவிட இரண்டு பேர் வந்தால் உதவியாக இருக்கும். ஒரு ஆள் நான்.